ரேகன்ஸ்பூர்க்: உலகிலேயே பழைய சாசேஜ் கடை அங்கேதானா?

கேள்வி (மார்ச் 2, மதியம்)

மே மாதம் குடும்பத்தோடு ஜெர்மனியில் மியூனிக் போகிறோம். வெளியூர் போக ஒரு நாள் கிடைக்கும். நியூரம்பெர்க்கா ரேகன்ஸ்பூர்க்கா என்று வீட்டில் வாக்கெடுப்பு நடக்கிறது. ரேகன்ஸ்பூர்க் பாலத்தடியில் உள்ள சாசேஜ் கடைதான் உலகத்திலேயே பழையது, 1146-லிருந்து சாசேஜ் சுடுகிறார்கள் என்று பார்க்கிற வீடியோவில் எல்லாம் சொல்கிறார்கள். உண்மையா? அந்தக் கடைக்காகவே போகலாமா?

மார்ச் 2, இரவு

பாதி உண்மை.

கடையின் பெயர் வுர்ஸ்ட்குகல். டான்யூப் கரையில், கல்பாலத்தின் தெற்கு முனையை ஒட்டி, பழைய நகரச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்கும் சின்னக் கட்டடம். பாலம் கட்டியது 1135-லிருந்து 1146 வரை. அந்த வேலையாட்களுக்குச் சமைத்துப் போட்ட இடம்தான் பிறகு கடையானது என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. அதை அப்படியே தள்ளிவிடவும் முடியாது, ஏனென்றால் அதே இடத்தில், ஏறத்தாழ அதே அளவில், 12-ஆம் நூற்றாண்டுக் கட்டடம் ஒன்று இருந்ததற்கு அகழாய்வில் தடயம் கிடைத்திருக்கிறது. இன்று நாம் பார்க்கும் கட்டடம் 17-ஆம் நூற்றாண்டினது.

சாசேஜ் இன்னும் பிந்தியது. நெடுங்காலம் அது வேகவைத்த இறைச்சி விற்கும் சாப்பாட்டுக் கடை. பக்கத்திலேயே படகுச் சரக்கை இறக்கும் பாரந்தூக்கி இருந்ததால் துறைமுகக் கூலிகள், படகோட்டிகள், தேவாலயத்தில் கல் செதுக்கியவர்கள் எல்லாம் வாடிக்கை. 1806-ல் இப்போதைய குடும்பத்தின் கைக்கு வந்த பிறகுதான் கரியில் சுட்ட சாசேஜ் முக்கியப் பண்டம் ஆனது. ஆக, "1146-லிருந்து சாசேஜ்" என்பது தப்பு. அந்த இடத்தில் எண்ணூறு வருஷத்துக்கு மேலாக யாராவது யாருக்காவது சமைத்துப் போட்டிருக்கலாம் என்பது வரை சரி.

மார்ச் 3

ஒன்று விட்டுப்போச்சு. நியூரம்பெர்க்காரர்கள் இந்தப் பட்டத்தை ஒருநாளும் விட்டுத்தர மாட்டார்கள். அங்கே 1313 என்று ஆண்டு சொல்லிய ப்ராட்வுர்ஸ்ட்க்ளோக்லைன் என்ற கடை இருந்தது, இரண்டாம் உலகப் போரில் அழிந்தது. 1419-ஐச் சொல்லும் வேறொரு கடை இன்றும் ஓடுகிறது. ஒருவர் ஆவணத்தைக் காட்டுகிறார், இன்னொருவர் இடத்தைக் காட்டுகிறார். தீர்ப்புச் சொல்ல வேண்டுமானால் இரண்டு ஊரிலும் சாப்பிட்டாக வேண்டும், அந்த வழக்கை யாரும் சீக்கிரம் முடிக்க விரும்புவதில்லை.

மார்ச் 4

"சின்ன ஊர், அதான் போரில் குண்டு போடாமல் விட்டுட்டாங்க" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை, போட்டார்கள். 1943 ஆகஸ்ட் 17 அன்று அமெரிக்க விமானங்கள் ஒரே நாளில் ஷ்வைன்ஃபுர்ட்டின் பால்பேரிங் ஆலைகளையும் ரேகன்ஸ்பூர்க்கின் மெஸ்ஸர்ஷ்மிட் விமான ஆலையையும் தாக்கின. ஆலை இருந்தது ஊருக்கு மேற்கே. அதற்குப் பிறகும் தாக்குதல்கள் உண்டு. பழைய நகருக்குள் ஓபர்மியூன்ஸ்டர் தேவாலயம் 1945 மார்ச்சில் நொறுங்கியது. ஆனால் நியூரம்பெர்க்கின் பழைய நகரம் போல ஒட்டுமொத்தமாக எரிந்து போகவில்லை.

அதைவிட முக்கியமானதாக எனக்குப் படுவது வேறு. விமானம் கண்டுபிடிப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே இந்த ஊரைக் காப்பாற்றியது வறுமை.

12, 13-ஆம் நூற்றாண்டுகளில் இங்கே பணம் புரண்டது. உல்முக்கும் வியன்னாவுக்கும் நடுவில் டான்யூபைக் கடக்க நம்பகமான கல்பாலம் இது ஒன்றுதான், அதனால் வணிகனும் வந்தாக வேண்டும், சிலுவைப் போருக்குப் போகிற அரசனும் வந்தாக வேண்டும். 1189-ல் புனித ரோமப் பேரரசர் பார்பரோசா தன் படையோடு கிளம்பியதே இங்கிருந்துதான். 1245-ல் பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்ட சுதந்திர நகரம் என்ற உரிமையும் கிடைத்தது. வெனிஸில் ஜெர்மன் வணிகர் விடுதியில் ரேகன்ஸ்பூர்க்காரர்களுக்குத்தான் முதல் மரியாதை. இத்தாலியோடு பழகிய பழக்கத்தில் பணக்கார வீடுகள் எல்லாம் போட்டிக்குக் கோபுரம் எழுப்பின. அறுபது போல இருந்ததாகச் சொல்கிறார்கள், இருபது அளவில் மிச்சம். வாலன்ஷ்ட்ராஸே தெருவில் உள்ள பொன் கோபுரம் ஏறத்தாழ 50 மீட்டர். யாரும் எதிரியைக் கண்காணிக்க அதைக் கட்டவில்லை, பக்கத்து வீட்டுக்காரனைக் கடுப்பேற்றக் கட்டினார்கள். பல கோபுரங்களின் மேல்மாடிகளைப் புழங்கியதே இல்லை.

அப்புறம் வியாபாரம் நியூரம்பெர்க், ஆக்ஸ்பர்க், வியன்னா என்று நகர்ந்துவிட்டது. 1486-ல் கடன் தாங்க முடியாமல் நகரமே சுற்றியிருந்த பவேரியாவின் கோமகனிடம் சரணடைந்தது. பேரரசர் 1492-ல் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு பழைய வீட்டை இடித்துப் புதுப் பாணியில் கட்டுகிற அளவுக்குக் காசு யாரிடம் இருந்தது? மற்ற பணக்கார ஊர்கள் நூற்றாண்டுக்கு ஒரு முறை சட்டை மாற்றிக்கொண்டன, இவர்கள் பழைய சட்டையையே துவைத்துப் போட்டுக்கொண்டார்கள். 2006-ல் யுனெஸ்கோ வந்து அந்தச் சட்டைக்குப் பட்டயம் கொடுத்தது.

மார்ச் 4, பின்னிரவு

"அப்போ ஏழ்மை நல்லதுன்னு சொல்றீங்களா?" சுற்றுலாப் பயணிக்கு நல்லது. குடியிருந்தவர்களுக்கு இல்லை. போருக்குப் பிறகு அகதிகளும் சேர்ந்து அந்தக் கோபுர வீடுகளில் நெருக்கியடித்து இருந்தார்கள், ஈரமும் இருட்டுமாக. நான் படித்த காலத்தில் எனக்கு அறை கொடுத்த பாட்டி அந்தப் பழைய நகரில்தான் வளர்ந்தவர். அழகான சந்து என்று நான் எதையாவது சொன்னால், "அங்கே குளிர்காலத்தில் விறகு சுமந்து ஏறிப் பார்" என்பார்.

மார்ச் 6

பாலத்தைப் பற்றித் தனியாக.

ஊர்க்கதை: பாலம் கட்டிய கொத்தனாரும் தேவாலயம் கட்டிய கொத்தனாரும் யார் முதலில் முடிப்பது என்று பந்தயம் கட்டினார்கள். பாலக்காரர் பிசாசிடம் உதவி கேட்டார். பாலத்தைக் கடக்கும் முதல் மூன்று உயிர்கள் தனக்கு என்று பிசாசு கேட்டது. வேலை முடிந்ததும் அவர் ஒரு சேவல், ஒரு கோழி, ஒரு நாயை விரட்டிவிட்டார். ஏமாந்த பிசாசு பாலத்தைக் கீழிருந்து முட்டியதால்தான் அது நடுவில் கூன் போட்டிருக்கிறதாம். பாலத்தின் மேல் ஒரு சின்னக் கல் மனிதன் கண்ணுக்கு மேல் கையை வைத்துத் தேவாலயப் பக்கம் பார்த்துக்கொண்டு இருப்பான், "இன்னும் முடியலையா?" என்று கேட்கிற மாதிரி.

கணக்குப் பார்த்தால் பந்தயமே அநியாயம். பாலம் 1146-ல் முடிந்தது. இப்போதுள்ள தேவாலயத்தைத் தொடங்கியது 1273 வாக்கில். கோபுரங்கள் முடிந்தது 1869-ல். பிசாசே இல்லாமலும் பாலக்காரர் ஜெயித்திருப்பார்.

பிசாசு செய்யாத கெடுதலைப் பாலத்தின் தூண்கள் செய்தன. ஒவ்வொரு தூணைச் சுற்றியும் அடித்தளத்தைக் காக்கத் தீவு போல அகலமாகக் கட்டியிருந்ததால் ஆறு குறுகி, வளைவுகளுக்குக் கீழே சுழித்து ஓடியது. இன்றும் பாலத்தில் நின்று கீழே பார்த்தால் அந்தச் சுழல் தெரியும். எதிர்நீச்சலில் வரும் படகுகளை இழுத்துக் கடத்த வேண்டியிருந்தது. தரைவழி வணிகனுக்கு வரம், படகோட்டிக்குச் சாபம். ஊர் இரண்டிலும் காசு பார்த்தது.

பாலத்தை ஒட்டிய உப்புக் கிடங்கு 1616-லிருந்து 1620 வரை கட்டியது. வுர்ஸ்ட்குகலுக்குப் பக்கத்தில் உயரமான கூரையோடு நிற்கும் அந்தப் பெரிய கட்டடம்தான். ஆம்பெர்க் பக்கத்து இரும்பு ஆற்றோடு வந்தது, அதே படகுகளில் உப்பு திரும்பிப் போனது. சாசேஜை மட்டும் படமெடுத்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் அந்தக் கிடங்குக்குள் எட்டிப் பார்த்தால் உத்தரங்களைப் பார்க்கலாம்.

பாலத்தின் அந்தக் கரை ஷ்டட்டாம்ஹோஃப். பல நூற்றாண்டு அது வேற்றுநாடு, அதாவது பவேரியா. பாலத்தின் முனையில் சுங்கம், கோபுரம், காவல். மூன்று கோபுரங்களில் ஒன்றுதான் மிச்சம். ஷ்டட்டாம்ஹோஃப் ரேகன்ஸ்பூர்க்கோடு சேர்ந்தது 1924-ல்தான். நான் குடியிருந்தது அந்தக் கரையில். ஜனவரிக் காற்றில் அந்தக் கூனல் பாலத்தில் நடந்து பார்த்தால் பிசாசுக் கதை எப்படிப் பிறந்தது என்று புரியும்.

மார்ச் 7

போரில் பாலமும் அடிவாங்கியதா என்று மேலே ஒருவர் கேட்டதற்கு: ஆமாம், 1945 ஏப்ரல் 23 அன்று அமெரிக்கர்கள் வருவதைத் தடுக்க ஜெர்மன் படையே பாலத்தில் வெடி வைத்தது. முழுசாகப் போகவில்லை, சில வளைவுகள். சரிசெய்து முடித்தது 1967-ல். அதே ஏப்ரல் 23-ல், ஊரைச் சண்டையில்லாமல் ஒப்படையுங்கள் என்று மக்கள் கூட்டமாகத் திரண்டார்கள். அங்கே பேசிய தேவாலயப் போதகர் யோஹான் மையரை மறுநாளே தூக்கிலிட்டார்கள். மூன்று நாள் கழித்து, 27-ஆம் தேதி, ஊர் சண்டையில்லாமல்தான் அமெரிக்கர்கள் கைக்குப் போனது. பாலத்தைப் பார்க்கப் போகிறவர்கள் டாக்கவ் சதுக்கத்துக்கும் போய்வாருங்கள், அவரைத் தூக்கிலிட்டது அங்கேதான்.

மார்ச் 9

சரி, சாப்பாடு. எல்லோரும் அதற்குத்தான் காத்திருக்கிறீர்கள்.

வுர்ஸ்ட்குகலில் விரல் நீளச் சாசேஜ், பன்றியின் தொடைக்கறியில் செய்தது, பீச் (beech) மரக் கரியில் சுட்டது. ஆறு, எட்டு என்று எண்ணிக்கையில் கேட்க வேண்டும், புளிக்கவைத்த முட்டைக்கோஸ் மேல் அடுக்கி வரும். கூடவே அவர்களே செய்யும் இனிப்புக் கடுகு. நம் நாக்குக்கு முதல் வாயில் "இவ்வளவுதானா?" என்று தோன்றும். காரம் கிடையாது. ருசி புகையிலும் தோல் மொறுமொறுப்பிலும் இருக்கிறது, அதைக் கோஸின் புளிப்போடும் கடுகின் இனிப்போடும் சேர்த்துச் சாப்பிட்டால்தான் பிடிபடும். தனியாகக் கடித்தால் பாதி போச்சு. வெயில் காலத்தில் எல்லோரும் ஆற்றோரப் பெஞ்சுக்கு அடித்துக்கொள்வார்கள். நான் உள்ளே இடம் கிடைத்தால் விடமாட்டேன், நாலு மேசை, கரிப்புகை, சுவரில் வெள்ளம் எந்த ஆண்டு எதுவரை ஏறியது என்ற கோடுகள். 2013 ஜூன் வெள்ளத்தில் இந்தக் கரை முழுக்க மணல்மூட்டை.

ஆனால் ஊர்க்காரர்கள் தினமும் அங்கே போவதில்லை. அவர்கள் கையில் பிடித்துக்கொண்டு தின்பது க்னாக்கர்செம்மல். ரேகன்ஸ்பூர்கர் என்றே பேர் வைத்த குட்டையான, தடித்த, வேகவைத்த வகைச் சாசேஜ் ஒன்று உண்டு. அதைப் பிளந்து சூடுகாட்டி, பன்னுக்குள் வைத்து, இனிப்புக் கடுகு, ஹார்ஸ்ரேடிஷ் வேர்த் துருவல், ஊறுகாய் வெள்ளரி எல்லாம் போட்டுத் தருவார்கள். "எல்லாம் போட்டு" என்று சொல்லிக் கேளுங்கள். ஹார்ஸ்ரேடிஷ் மூக்கில் ஏறும்போதுதான் நமக்கு அந்த ஊர் வீடு மாதிரி ஆகும். இதே சாசேஜை மெல்லிசாக அரிந்து வெங்காயம், வினிகர், எண்ணெய் விட்டுப் பிசறினால் சாசேஜ் சாலட். கோடையில் வேறு எதுவும் வேண்டாம்.

அந்த இனிப்புக் கடுகில் ஊருக்குத் தனிப் பெருமை. கெஸாண்டன்ஷ்ட்ராஸே தெருவில் 1910-ல் கறிக்கடை தொடங்கிய ஹேண்ட்ல்மையர் குடும்பத்தில், யோஹான்னா ஹேண்ட்ல்மையர் 1914-ல் கடை வாடிக்கையாளர்களுக்காகக் கிண்டிய கடுகு அது. இன்று ஜெர்மனி முழுக்க சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கிறது. கறிக்கடைக்குத் துணைப் பண்டமாக வந்தது கடையையே விழுங்கிவிட்டது.

மார்ச் 9, கொஞ்ச நேரம் கழித்து

"நாங்க சைவம்." பயப்படாதீர்கள். கேஸெஷ்பெட்ஸ்லே (முட்டை மாவில் செய்த குட்டி நூடுல்ஸ், சீஸ், மேலே பொரித்த வெங்காயம்), ஒபாட்ஸ்டா (பழுத்த கமோம்பேர் சீஸைப் பட்டரோடும் பாப்ரிகாப் பொடியோடும் பிசைந்தது, ப்ரெட்ஸலில் தடவித் தின்ன), சுருளாகச் சீவி உப்புப் போட்ட முள்ளங்கி, அப்புறம் டாம்ஃப்நூடல், ஆவியில் உப்பிய புளித்த மாவு உருண்டை, வனிலா சாஸில் மிதக்கும். முட்டை சேர்க்காதவர்கள் ஷ்பெட்ஸ்லேயை விட்டுவிடுங்கள். புளிக்கவைத்த கோஸில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது பொதுவான வழக்கம், கேட்டுவிட்டே வாங்குங்கள்.

மார்ச் 11

பீர் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நான் பெரிய குடிகாரன் இல்லை, ஆனால் ஷ்டட்டாம்ஹோஃபில் கத்தரீனா ஷ்பிட்டால் என்ற அறக்கட்டளையின் பீர்த்தோட்டம் இருக்கிறது. மருத்துவமனையாக இடைக்காலத்தில் தொடங்கியது, பீர் காய்ச்சுவதற்கு 1226-ஐ ஆண்டாகச் சொல்கிறார்கள். இன்று அந்த வருமானம் முதியோர் இல்லத்துக்கும் போகிறது. மரத்தடியில் உட்கார்ந்து எதிரே பாலத்தையும் தேவாலயத்தையும் பார்த்துக்கொண்டு, தர்மம் செய்கிறோம் என்ற நிம்மதியோடு குடிக்கலாம். ஊரின் இன்னொரு பீர்சாலையான க்னைட்டிங்கரையும் ஒரு அறக்கட்டளைதான் வைத்திருக்கிறது.

பிஷப்ஸ்ஹோஃப் பீருக்கு வேறு கதை. கி.பி. 179-ல் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் காலத்தில் ரோமர்கள் இங்கே படைக் கோட்டை கட்டினார்கள், ஒரு முழு லீஜியன், ஆறாயிரம் வீரர் அளவில். அதன் வடக்கு வாசல் நூற்றாண்டுகளாகப் பிஷப்பின் கட்டடங்களுக்குள் புதைந்து கிடந்து, 1885-ல் அந்தப் பீர்சாலையில் கட்டட வேலை நடந்தபோதுதான் வெளியே வந்தது. போர்ட்டா ப்ரேட்டோரியா என்று போர்டு இருக்கும். தெருவோரச் சுவரில் ரோமர் கல் அப்படியே நிற்கிறது, பக்கத்தில் சைக்கிள்களைச் சாத்தி வைத்திருப்பார்கள்.

மார்ச் 12

"கத்தோலிக்க ஊர்தானே, ஏன் இவ்வளவு ப்ராட்டஸ்டன்ட் சமாச்சாரம்?" நல்ல கேள்வி, குழப்பமான பதில். நகரம் 1542-ல் ப்ராட்டஸ்டன்ட் ஆனது. ஆனால் மதிலுக்குள்ளேயே கத்தோலிக்க பிஷப், மூன்று பெரிய மடங்கள். ஒவ்வொன்றும் பேரரசின் தனி உறுப்பு, நகரக் கவுன்சிலுக்குக் கட்டுப்படாது. ஒரே மதிலுக்குள் ஐந்து அரசாங்கம். ஒரு தெருவில் உங்களைப் பிடிக்கிற காவலன் அடுத்த தெருவில் கை வைக்க முடியாது. இப்படிப்பட்ட ஊரில்தான் 1663-லிருந்து 1806 வரை பேரரசின் நிரந்தரச் சபை உட்கார்ந்தது. அதனால் தூதர்கள் குடியேறினார்கள், கெஸாண்டன்ஷ்ட்ராஸே என்றால் தூதர் தெரு. பழைய நகர மன்றத்தில் அந்தச் சபை அறை இருக்கிறது. அதே கட்டடத்தின் கீழே சித்திரவதை அறை, கருவிகளோடு. குழந்தைகள் மேலே கொட்டாவி விட்டு, கீழே உயிர்பெறுவார்கள்.

மார்ச் 14

பழைய ஊர் என்று கொஞ்சுவதற்கு நடுவில் இதையும் எழுதாவிட்டால் இழை முழுமையாகாது. ரேகன்ஸ்பூர்க்கின் யூதக் குடியிருப்பு ஜெர்மனியின் பழையவற்றில் ஒன்று. 1519 பிப்ரவரியில், பேரரசர் மாக்ஸிமிலியன் இறந்து புது ஆள் வருவதற்குள், நகரம் அவர்களை வெளியேற்றியது. நான் மேலே சொன்ன கடன், வியாபார நலிவு எல்லாவற்றுக்கும் பழி அவர்கள் மேல். தொழுகைக்கூடத்தை இடித்தார்கள், இடுகாட்டைத் தோண்டினார்கள், கல்லறைக் கற்களை வெற்றிச் சின்னம் மாதிரி வீட்டுச் சுவர்களில் பதித்தார்கள். சில இன்னும் இருக்கின்றன, எபிரேய எழுத்தோடு. ஓவியர் ஆல்ப்ரெக்ட் ஆல்ட்டோர்ஃபர், இடிப்பதற்கு முன் அந்தத் தொழுகைக்கூடத்தின் உள்ளே வரைந்த இரண்டு செதுக்கோவியங்கள் இன்று முக்கியமான ஆவணம். வரைந்தவர் வெளியேற்றிய கவுன்சிலிலும் உறுப்பினர், அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அந்த இடம் இப்போது நோய்ஃபார் சதுக்கம், 1995-க்குப் பிறகு தோண்டியபோது வீட்டு நிலவறைகளும் 624 பொற்காசுகளும் கிடைத்தன. தொழுகைக்கூடத்தின் அடித்தள வடிவத்தை வெள்ளைக் கான்கிரீட்டில் சிற்பி டானி கரவான் 2005-ல் அமைத்தார், தரையோடு தரையாக, மக்கள் உட்காரலாம். வெயில் நாளில் மாணவர்கள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு முதலில் உறுத்தியது. இப்போது அப்படி இல்லை, உட்காரச் சொல்லித்தான் செய்திருக்கிறார்.

வறுமை ஊரைக் காப்பாற்றியது என்று எழுதினேன் இல்லையா? அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் இதையும் வைத்துப் படியுங்கள். கல் தப்பித்தது, வறுமையின் பழியைச் சுமந்தவர்கள் தப்பவில்லை.

மார்ச் 15

வானியலாளர் கெப்லரின் வீடு: போகலாம். 1630-ல் பேரரசரிடம் வரவேண்டிய சம்பளப் பாக்கியைக் கேட்க இந்த ஊருக்குக் குதிரையில் வந்தார், காய்ச்சலில் விழுந்தார், நவம்பர் 15 அன்று இறந்தார். ப்ராட்டஸ்டன்ட் என்பதால் மதிலுக்கு வெளியே புதைத்தார்கள், முப்பதாண்டுப் போரில் அந்த இடுகாடே அழிந்தது. பாக்கியும் வசூலாகவில்லை.

மார்ச் 17

எப்படிப் போவது என்று கடைசியாகக் கேட்டவருக்கு: மியூனிக்கிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம். பவேரியா டிக்கெட் (ஒரு நாளைக்கான வட்டார ரயில் சீட்டு) வார நாளில் காலை 9-க்கு மேல்தான் செல்லும், குடும்பமாகப் போனால் அதுதான் மலிவு. நிலையத்திலிருந்து பழைய நகரம் நடக்கிற தூரம். கற்பாவிய தெரு, தள்ளுவண்டியில் குழந்தை இருந்தால் சக்கரம் பெரிசாக இருக்கட்டும். ஆற்றங்கரையில் சாம்பல் பெட்டி மாதிரி ஒரு புது மியூசியம் தெரியும், பவேரிய வரலாற்று இல்லம், 2019-ல் திறந்தது. வெளியே பார்த்துத் திட்டுங்கள், மழை வந்தால் உள்ளே போங்கள், உள்ளே நன்றாகவே இருக்கும். வால்ஹாலாவுக்கு (பவேரிய அரசர் முதலாம் லுட்விக் 1842-ல் திறந்த கிரேக்கப் பாணி மண்டபம், பத்து கிலோமீட்டர் கிழக்கே) படகில் போகலாம், ஆனால் அரை நாள் போய்விடும். ஒரே நாள்தான் என்றால் அதை வெட்டிவிட்டு, பதினோரு மணிக்கு முன்னாடியே சாசேஜை முடித்துவிடுங்கள், மதியம் ஆனால் சுற்றுலாப் படகு இறங்கிவிடும்.